மூன்றரை வயது மகனுக்கு நெஞ்சில் நீர்: அடுத்து சி.டி. ஸ்கேன் தேவையா?

நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. மூன்றரை வயது மகனுக்குக் காய்ச்சலும் இருமலும். முதலில் பார்த்த மருத்துவர் எக்ஸ்ரே எடுக்காமலே நிமோனியா என்று சொல்லி மருந்து எழுதினார். மூன்று நாள் கொடுத்தும் காய்ச்சல் இறங்காததால் பெரிய மருத்துவமனைக்குப் போனீர்கள். அங்கே எக்ஸ்ரே, அன்று மாலையே நெஞ்சுக்கு அல்ட்ராசவுண்ட். வலப்பக்கம் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். இப்போது சி.டி. எடுக்கலாமா என்று பேச்சு. வீட்டுப் பெரியவர்களுக்கு டி.பி.யாக இருக்குமோ என்று பயம். முதல் மருத்துவர் படம் எடுத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காதே என்று உங்களுக்கு ஆற்றாமை.

முதல் மருத்துவர் தவறு செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டாவது இடத்தில் எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும் எடுத்ததும் சரியே. சி.டி.க்கு இன்று அவசரம் இருப்பதாக நீங்கள் எழுதியதிலிருந்து தெரியவில்லை. ஆனால் பையனைத் தொட்டுப் பார்க்காத நான் வேண்டாம் என்று தீர்த்துச் சொல்வது நியாயமாகாது. மருத்துவரிடம் கேட்கக் கேள்வி ஒன்று தருகிறேன். குழந்தைகளின் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவதே பல ஆண்டுகளாக என் வேலை. நோய் எங்கே இருக்கிறது, எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைப் படம் நன்றாகச் சொல்லும். அது எந்தக் கிருமி என்பதை அநேகமாகச் சொல்லாது. இந்த வித்தியாசம் பிடிபட்டால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

முதல் மருத்துவர் சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணினாரா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். உலக சுகாதார அமைப்பின் கணக்கு இது: இரண்டு மாதம் நிறையாத குழந்தை நிமிடத்துக்கு 60 முறை, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 முறை, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 முறை, அல்லது அதற்கும் மேல் மூச்சு விட்டால் அது வேகமான மூச்சு. இருமலோடு அந்த வேகமோ, மூச்சை இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்குவதோ இருந்தால் நிமோனியா என்று வைத்து மருந்தைத் தொடங்கலாம். சாப்பிடுகிற, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளக்கூடிய குழந்தைக்கு வழக்கமாக எக்ஸ்ரே வேண்டியதில்லை என்று 2011இல் வெளிவந்த அமெரிக்க, பிரிட்டிஷ் வழிகாட்டுதல்கள் இரண்டுமே சொல்கின்றன. இது பணத்தை மிச்சம் பிடிக்கச் சொன்ன யோசனை அல்ல. அந்த நிலையில் படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் சிகிச்சை ஒன்றுதான். வைரஸ் நிமோனியாவா பாக்டீரியா நிமோனியாவா என்று படத்தின் வெண்மையைப் பார்த்து நம்பிக்கையோடு பிரிக்க முடியாது. நுரையீரலின் ஒரு மடல், அதாவது ஒரு பெரிய பிரிவு, முழுக்க அடர்ந்த வெள்ளையாக இருந்தால் பாக்டீரியா பக்கம் சாய்வோம், அவ்வளவே. மூச்சிரைப்போடு வரும் கைக்குழந்தைக்கு அவசியமில்லாமல் எக்ஸ்ரே எடுத்தால் கெடுதலும் உண்டு. சளி அடைத்துச் சுருங்கிய நுரையீரல் துண்டு நிமோனியா போலவே தெரியும். தேவையில்லாத ஆன்டிபயாடிக் தொடங்கிவிடும்.

மருந்து தொடங்கி 48 முதல் 72 மணி நேரத்துக்குள் குழந்தை தேறவில்லை என்றால் நிலைமை வேறு. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தாலும், மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு வாடிப்போனாலும் அப்படியே. அப்போது 'ஏன் குறையவில்லை' என்ற திட்டவட்டமான கேள்வி பிறக்கிறது. அதற்குப் பதில் சொல்லப் படத்தால் முடியும். உங்கள் மகனுக்கு நடந்தது இதுதான். மூன்று நாள் முன்பே எடுத்திருந்தால் நீர் தெரிந்திருக்குமா என்றால், அன்று அது கோக்கவே தொடங்காமல் இருந்திருக்கலாம்.

குழந்தையின் நெஞ்சு எக்ஸ்ரேயை வாசிப்பது எவ்வளவு சிரமம் என்பது வெளியில் பலருக்குத் தெரியாது. ஒரு வயதுக் குழந்தை மேசையில் வீறிட்டு அழுகிறது. அப்பா ஈய அங்கியை மாட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் பிடித்திருக்கிறார். டெக்னீஷியன் விரலைப் பொத்தானில் வைத்தபடி குழந்தையின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அழுகைக்கு நடுவே அது மூச்சை உள்ளிழுக்கும் அந்தக் கணத்தில் அழுத்த வேண்டும். அரை நொடி தவறினால் மூச்சு வெளியே போன படம் விழும். காற்று இல்லாத நுரையீரல் வெளுத்துத் தெரியும், இதயம் வீங்கியது போலத் தோன்றும். உடம்பு சற்றுத் திரும்பியிருந்தால் ஒரு பக்கம் கறுத்தும் மறு பக்கம் வெளுத்தும் காட்டும். போதாததற்கு, சிறு குழந்தைகளுக்கு நெஞ்சின் நடுவில் தைமஸ் என்ற சுரப்பி பெரிதாக இருக்கும். படகின் பாய் விரித்தது போல அது நுரையீரல் மேல் படிந்து தெரியும். பெரியவர்களின் படங்களையே பார்த்துப் பழகிய கண் அதைக் கட்டி என்றோ நிமோனியா என்றோ எழுதிவிடக்கூடும். இதற்கு நேர்மாறாக, நிமோனியாவே பந்து போல உருண்டு நின்று கட்டியாக மிரட்டுவதும் உண்டு. நுரையீரலின் சிற்றறைகளுக்கு இடையே பக்கவாட்டுத் துளைகள் இளவயதில் சரிவர உருவாகியிருக்காது. நோய் பக்கவாட்டில் பரவ வழியில்லாமல் ஒரே இடத்தில் திரண்டுவிடும். புற்றுநோயோ என்று கலங்கி வந்த பெற்றோரிடம் ஆன்டிபயாடிக் கொடுத்துச் சில வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுக்கலாம் என்று சொல்லியனுப்பி, அந்த உருண்டை மறைந்த படத்தை அவர்களுக்குக் காட்டியிருக்கிறேன்.

உங்கள் மகனின் எக்ஸ்ரேயில் வலது அடிப்பகுதி முழுக்க வெள்ளையாக இருந்திருக்கும். அந்த வெண்மை கெட்டியான நுரையீரலா, சுற்றிலும் தேங்கிய நீரா என்பதை எக்ஸ்ரே தெளிவாகப் பிரித்துக் காட்டாது. அதற்குத்தான் அல்ட்ராசவுண்ட். இதில் கதிர்வீச்சே கிடையாது. அம்மா மடியில் உட்கார்ந்தபடியே எடுத்துவிடலாம். நீர் திரையில் கறுப்பாகத் தெரியும். தெளிவான கறுப்பு என்றால் அநேகமாக மெல்லிய நீர். உள்ளே துகள்கள் மிதந்து சுழன்றால் சீழாக மாறுகிறதோ என்று சந்தேகப்படுவோம். தேன்கூடு போல இழைகள் ஓடி அறை அறையாகப் பிரிந்திருந்தால், ஒரு குழாயைச் செருகி எல்லாவற்றையும் வடித்துவிட முடியாது என்று அப்போதே தெரிந்துவிடும். அந்த இழைகளைக் கரைக்க யூரோகைனேஸ் போன்ற மருந்தைக் குழாய் வழியே செலுத்துவார்கள், அல்லது சிறு துளையிட்டுக் கேமரா மூலம் சுத்தம் செய்வார்கள். எவ்வளவு ஆழம், எந்த விலா இடைவெளியில் ஊசி போடலாம் என்பதையும் அங்கேயே குறித்துவிடலாம். நெஞ்சுச் சுவரைத் தொடாமல் நடுவில் இருக்கும் நிமோனியாவை அல்ட்ராசவுண்ட் பார்க்காது. காற்று ஒலி அலையை மறித்துவிடும்.

இதற்கு மேல் சி.டி. புதிதாக என்ன சொல்லும்? நிமோனியாவில் கோத்த சீழுக்கு வழக்கமாக சி.டி. எடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் மார்பு மருத்துவர்கள் சங்கம் 2005லேயே எழுதிவைத்தது. உள்ளிருக்கும் இழைகளைக் காட்டுவதில் அல்ட்ராசவுண்டே சி.டி.யை விட மேல். சி.டி.க்கு உரிய தருணங்கள் உண்டு. குழாய் போட்டும் காய்ச்சல் நிற்கவில்லை, நுரையீரலுக்குள்ளேயே சீழ்க்கட்டி அல்லது அழுகல் இருப்பதாகச் சந்தேகம், அறுவை சிகிச்சைக்கு முன் வரைபடம் தேவை, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்குப் பூஞ்சைத் தொற்றோ என்ற ஐயம். இவற்றில் ஒன்று இருந்தால் தயங்கவே கூடாது. ஆகவே மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: "சி.டி.யில் ஒன்று தெரிந்தால் சிகிச்சையில் எதை மாற்றுவீர்கள், தெரியாவிட்டால் எதைச் செய்வீர்கள்?" இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் பொறுத்திருந்து பார்க்கலாமா என்று தாராளமாகக் கேட்கலாம். நல்ல மருத்துவர் யாரும் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

இனி டி.பி. பயம். நம் ஊரில் இதற்கு ஒரு தனி வரலாறே உண்டு. எடை ஏறாத, அடிக்கடி இருமுகிற குழந்தைக்கு எக்ஸ்ரே எடுத்து, நடுநெஞ்சில் லேசான நிழலைக் கண்டு "பிரைமரி காம்ப்ளெக்ஸ்", அதாவது குழந்தைகளுக்கு வரும் ஆரம்ப டி.பி., என்று சொல்லி ஆறு மாதம் மருந்து கொடுத்த காலத்தை உங்கள் தாய் தந்தையர் நினைவு வைத்திருப்பார்கள். அவற்றில் பல வெறும் சளி, அல்லது மூச்சிரைப்பு, அல்லது சற்றுக் கோணலாக விழுந்த படம். மறுபுறம், உண்மையான டி.பி.யைத் தவறவிடுவதும் நடக்கிறது. குழந்தைகள் சளியைத் துப்பாமல் விழுங்கிவிடுவதாலும், உடலில் கிருமியின் எண்ணிக்கை குறைவாக இருப்பதாலும் பரிசோதனையில் கிருமி சிக்குவது அரிது. அதனால்தான் காலையில் வெறும் வயிற்றில் மூக்கு வழியே குழாய் விட்டு இரைப்பை நீரை எடுத்துச் சோதிக்கிறார்கள். இப்போது மலத்திலும் மரபணுச் சோதனை செய்ய முடிகிறது. படத்தில் நாங்கள் தேடுவது மூச்சுக்குழலை ஒட்டி வீங்கிய நெறிக்கட்டிகளை. நேர்ப்படத்தில் இதயத்தின் நிழலில் ஒளிந்துகொள்பவை பக்கவாட்டுப் படத்தில் சில நேரம் தெரியும். வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா என்ற கேள்வி எந்தப் படத்துக்கும் குறைந்ததல்ல. பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு டி.பி. சிகிச்சையைத் தொடங்கலாமா என்று முடிவெடுக்க உலக சுகாதார அமைப்பு 2022இல் மதிப்பெண் முறை ஒன்றைத் தந்தது. எக்ஸ்ரே வசதி உள்ள ஊருக்கு ஒன்று, இல்லாத ஊருக்கு இன்னொன்று. படம் கிடைக்கவில்லை என்று குழந்தையைக் காக்க வைக்க வேண்டாம் என்ற அக்கறை அதில் இருக்கிறது.

இதில் சென்னைக்கும் பங்குண்டு. நோய் தீவிரமாகாத குழந்தைகளுக்கு ஆறு மாத மருந்து அவசியமா, நான்கு மாதம் போதாதா என்று உகாண்டா, ஜாம்பியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளில் 1204 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. சென்னையில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் சேர்ந்திருந்தது. 2022இல் முடிவு வெளியானது: நான்கு மாதம் போதும். யாருக்கு நோய் தீவிரமில்லை என்று பிரித்ததில் எக்ஸ்ரேக்குப் பெரிய இடம். ஒரு மடலுக்குள் அடங்கியிருக்கிறதா, குழிவு இல்லையா, தினை தூவியது போல நெஞ்சு முழுக்கப் பரவவில்லையா என்று பார்த்தார்கள். ஒரு நிழலைச் சரியாகப் படித்தால் ஒரு குழந்தை இரண்டு மாத மாத்திரையிலிருந்து தப்பிக்கிறது. எக்ஸ்ரேயைக் கணினியே படித்து டி.பி. சந்தேகத்தைச் சொல்லும் மென்பொருளைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். உலக சுகாதார அமைப்பு 2021இல் அதைப் பரிந்துரைத்தபோது 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மட்டும் என்று வரம்பு வைத்தது. பெரியவர்களின் நெஞ்சைப் பார்த்துக் கற்ற கருவி குழந்தையின் நெஞ்சில் தடுமாறும்.

உங்கள் மகனுக்குச் சில நாட்களில் கடுங்காய்ச்சலோடு நீர் கோத்திருக்கிறது. இந்த வேகம் சாதாரண நிமோனியா பாக்டீரியாக்களுக்குப் பொருந்துகிறது. டி.பி. பெரும்பாலும் வாரக்கணக்கில் ஊர்ந்து வரும். இருந்தாலும் நீரை எடுத்தால் அதையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்வார்கள், சோதிக்கவும் வேண்டும். கிருமியின் பெயர் கிடைத்தால், பெரும்பாலும் அந்த ஊசியில் வரும் நீரில்தான் கிடைக்கும்.

படத்தைப் பார்த்துக் கிருமிக்குப் பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேலூரில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் மாணவர்களுக்கு மறக்காமல் சொல்லும் கதை இது. சி.டி. ஸ்கேன் இந்தியாவுக்கு வந்த புதிதில், வலிப்போடு வரும் சிறுவர்களின், இளைஞர்களின் மூளையில் ஒற்றைச் சிறு வளையம் ஒன்று அடிக்கடி தென்பட்டது. டி.பி. மிகுந்த நாடு, ஆகவே இது டி.பி. கட்டிதான் என்று முடிவுகட்டி மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். சில மாதத்தில் வளையம் மறையும். மருந்து வேலை செய்துவிட்டது என்று எல்லோருக்கும் திருப்தி. ஆனால் வலிப்பு மருந்து மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் அது தானாகவே மறைவதைச் சிலர் கவனித்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பு அறுவை மருத்துவர்கள் மேத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் அந்த வளையங்களை அறுவை செய்து எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம்பருவம் இறந்துபோய் விட்ட தடம். 1991இல் இதைப் பதிவு செய்தார்கள். இருபது மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், மூளையின் நடுக்கோட்டைத் தள்ளாமல் இருந்தால் புழுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்; அதைவிடப் பெரிதாக, ஒழுங்கற்ற விளிம்போடு நடுக்கோட்டையும் தள்ளினால் டி.பி.யை நினை என்ற அளவுகோலும் அங்கிருந்து வந்ததுதான். அதன் பிறகு எத்தனையோ குழந்தைகள் தேவையற்ற டி.பி. மருந்திலிருந்து தப்பினார்கள். சைவம் சாப்பிடும் வீட்டில் இது எப்படி வரும் என்று கேட்பவர்கள் உண்டு. நாடாப்புழு உள்ளவரின் மலத்திலிருந்து முட்டைகள் தண்ணீரிலோ பச்சைக் காய்கறியிலோ கையிலோ ஒட்டி வந்தால் போதும்.

படம் சுத்தமாக இருந்தும் நோய் முற்றிக்கொண்டிருக்கும் இடமும் உண்டு. அது எலும்பு. இரண்டரை வயதுப் பெண் குழந்தை ஒன்று காய்ச்சலோடு வலது காலை ஊன்ற மறுத்தது. மூன்றாம் நாள் எடுத்த எக்ஸ்ரே சுத்தம். சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டி மட்டும் பிடிவாதமாக, "தவழுகிறாள், நிற்க மாட்டேன் என்கிறாள், பாவாடை மாற்றும்போது முட்டிக்கு மேலே கை பட்டால் துடிக்கிறாள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே எம்.ஆர்.ஐ. எடுத்தோம். தொடை எலும்பின் கீழ் முனையில் எலும்புறைக்கு அடியில் சீழ் திரண்டிருந்தது. அன்றிரவே அறுவை அரங்குக்குப் போனாள். எலும்பில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தில் மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகே எக்ஸ்ரேயில் ஓட்டை தெரியும். அதற்கு 10 முதல் 14 நாள் ஆகும். வளரும் எலும்பின் முனையில் இரத்தக்குழாய்கள் வளைந்து திரும்பி ஓட்டம் மந்தமாவதால் கிருமி அங்கே தங்கிவிடுகிறது. பழுது எங்கே என்று எம்.ஆர்.ஐ. ஆரம்பத்திலேயே காட்டும், ஆனால் அரை மணிக்கு மேல் அசையாமல் படுக்க வேண்டும் என்பதால் சிறு குழந்தைகளுக்கு மயக்க மருந்து தேவைப்படும். இடுப்பு மூட்டில் நீர் கோத்திருக்கிறதா என்பதற்கு அல்ட்ராசவுண்ட் போதும். அது சீழா வெறும் நீரா என்பதை அங்கும் ஊசிதான் சொல்லும்.

சிறுநீர்த் தொற்றும் டெங்குவும் பற்றிப் போகிற போக்கில் கேட்டிருந்தீர்கள். இரண்டு வயதுக்குள் காய்ச்சலோடு முதன்முறை சிறுநீர்த் தொற்று வந்தால் சிறுநீரகங்களுக்கு ஓர் அல்ட்ராசவுண்ட் எடுப்பது வழக்கம். சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டு எடுக்கும் படம் எல்லோருக்கும் தேவையில்லை. சிறுநீரகத்தில் தழும்பைத் தேடும் அணுக்கதிர் ஸ்கேனைத் தொற்று ஆறி நான்கைந்து மாதம் கழித்து எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் வீக்கமே தழும்பாகத் தோன்றும். டெங்குவில் பித்தப்பைச் சுவர் தடிப்பதும் நெஞ்சிலும் வயிற்றிலும் நீர் கசிவதும் அல்ட்ராசவுண்டில் தெரியும், ஆனால் மருத்துவர் இரத்தப் பரிசோதனையையும் நாடியையும் பார்த்தே முடிவெடுப்பார்.

கதிர்வீச்சுக்கு வருவோம். மண், காற்று, வானம், சாப்பாடு என்று இயற்கையிலிருந்தே நாம் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வாங்கிக்கொள்கிறோம். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் சுமார் 0.02. அதாவது ஏறக்குறைய மூன்று நாள் இயற்கைக் கதிர்வீச்சு. இதற்காகத் தேவையான எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடுவது சரியல்ல. நெஞ்சு சி.டி. ஒன்று முதல் மூன்று மில்லிசீவர்ட் வரை போகலாம், அதாவது ஐம்பது எக்ஸ்ரேக்கும் மேல். வளரும் திசு என்பதாலும் முன்னால் நீண்ட ஆயுள் இருப்பதாலும் குழந்தைகளிடம் இந்தக் கணக்கைக் கறாராகப் பார்க்கிறோம். 2008இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு பிரசாரம், குழந்தையின் உடல் அளவுக்கு இயந்திரத்தைக் குறைத்து வைத்து எடுக்க வேண்டும் என்பதை எங்கள் தொழில் முழுக்கப் பரப்பியது. சி.டி. எடுத்தே ஆக வேண்டும் என்றால், குழந்தைக்கான அளவில் எடுக்கிறீர்களா என்று டெக்னீஷியனிடம் கேளுங்கள். குழந்தையின் இடுப்பில் ஈயத் தகடு வைக்கவில்லையே என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். தகடு நகர்ந்து படத்தை மறைத்து மறுபடி எடுக்க வைப்பதாலும், இயந்திரமே தானாக அளவை ஏற்றிவிடக்கூடும் என்பதாலும் 2019இலிருந்து அந்தப் பழக்கம் கைவிடப்பட்டு வருகிறது. பிடித்துக்கொள்பவர் மட்டும் அங்கி போட வேண்டும். கர்ப்பமாக இருக்கும் அம்மா உள்ளே வரக்கூடாது.

கடைசியாக, வீடு திரும்பும்போது அறிக்கைத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். எக்ஸ்ரே பிலிமையோ குறுந்தகட்டையோ கேட்டு வாங்குங்கள். பிலிமைச் சுருட்டாமல், வெயில் படாமல் வைத்திருங்கள். நெஞ்சில் நீர் கோத்த குழந்தைக்கு நான்கு முதல் ஆறு வாரத்தில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது வழக்கம். அன்று பழைய படம் பக்கத்தில் இருந்தால்தான் எங்களால் ஒப்பிட முடியும். அப்போதும் ஓரத்தில் கொஞ்சம் வெண்மை மிச்சமிருக்கும். பையன் ஓடி விளையாடிக்கொண்டு, எடை ஏறிக்கொண்டிருந்தால் அதைக் கண்டு பதற வேண்டாம். நுரையீரலைச் சுற்றியுள்ள நெஞ்சுறை தடித்தது கரைய மூன்று முதல் ஆறு மாதம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் காய்ச்சல் திரும்பினாலோ, மூச்சு நிமிடத்துக்கு நாற்பதைத் தொட்டாலோ தாண்டினாலோ ஆறு வாரம் வரை காத்திருக்காமல் அன்றே கூட்டிக்கொண்டு போங்கள்.